பாஸ்வேர்டு அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்

கேள்வி:

வணக்கம் சார். நான் நர்சிங் ஆசிரியை. நான்கு வருடம் எத்தியோப்பியாவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஊர் திரும்பினேன். அங்கே கரண்ட் அடிக்கடி போகும், நெட் மெதுவாகத்தான் வரும், ஆனால் ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்களைத் திறந்துவிடுகிற ஹினாரி என்ற திட்டம் இருந்ததால் தேடிய கட்டுரை பெரும்பாலும் கிடைத்துவிடும். இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் இருக்கிறேன். எம்.எஸ்சி. மாணவிகளுக்கு கைடாக இருக்கிறேன். ஒரு மாணவி சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு பற்றி ஆய்வு செய்கிறாள். கட்டுரையைத் திறக்கப் போனால் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறது. அங்கே கூட வேலை பார்த்தவர்கள் "ஹினாரி பாஸ்வேர்டு அனுப்புகிறோம், வைத்துக்கொள்" என்கிறார்கள். வாங்கலாமா? எங்கள் கல்லூரியையே ஹினாரியில் பதிவு செய்ய முடியுமா? 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்று மத்திய அரசு ஆரம்பித்த திட்டத்தில் நாங்கள் வருவோமா? எங்கள் கரஸ்பாண்டன்ட் நல்ல மனிதர், ஆனால் லைப்ரரிக்கென்று லட்சக்கணக்கில் செலவு செய்யச் சொன்னால் சிரிப்பார்.

பதில்:

வணக்கம் மேடம். பாஸ்வேர்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வாங்காதீர்கள். உங்களுக்கு இங்கே போலீஸ் வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆபத்து உங்களை விட அவர்களுக்குத்தான் அதிகம். ஹினாரியில் அனுமதி தருவது நிறுவனத்துக்கு. அந்தப் பல்கலைக்கழகம் பதிவு செய்தபோது, எங்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பணியாளர்கள் மட்டும்தான் பயன்படுத்துவார்கள், வெளி ஆட்களுக்கு, வெளி நாட்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே வந்தது. திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் அதே ஐடியில் வரிசையாக பிடிஎஃப் இறக்கினால் பதிப்பகத்தின் சர்வருக்கு அது தெரியாமல் போகாது. தெரிந்தால் அந்த நிறுவனத்தின் அனுமதியை நிறுத்தி வைப்பார்கள். நீங்கள் பாடம் நடத்திய அதே பிள்ளைகள் அடுத்த நாள் காலையில் லைப்ரரிக்குப் போய் எதுவும் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். உங்களுக்கு நாலு கட்டுரை கிடைப்பதற்கு அது ரொம்பப் பெரிய விலை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கே இருந்தபோது ஆரம்பித்த ஆய்வை இன்னும் அவர்களோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், கூட்டுக் கட்டுரை என்றால், அந்தக் கட்டுரைக்கான இலக்கியத் தேடலை, அதாவது முன்பு வந்த ஆய்வுகளைத் தேடிப் படிப்பதை, அங்கே இருக்கிற சக ஆசிரியரே செய்யட்டும், அவர் படித்துக் குறிப்பெடுத்து எழுதட்டும், நீங்கள் அதன் மேல் வேலை செய்யுங்கள். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அதையே சாக்காக வைத்து இங்குள்ள மாணவிகளின் டிசர்டேஷனுக்கு அங்கிருந்து கட்டுரை வரவழைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் கல்லூரியையே பதிவு செய்ய முடியுமா? முடியாது. கல்லூரியில் எந்தக் குறையும் இல்லை, ஹினாரியின் நாடுகள் பட்டியலில் இந்தியாவே இல்லை. இதை நிறைய பேரிடம் சொல்லும்போது நம்ப மாட்டார்கள், "நாமும் ஏழை நாடுதானே சார்" என்பார்கள். ஹினாரி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்தால் புரியும். 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தலைக்கு ஆண்டு வருமானம் ஆயிரம் டாலருக்குக் கீழே இருந்த நாடுகளில், 56 சதவீத மருத்துவ நிறுவனங்கள் அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் ஒரு ஜர்னலுக்குக் கூட சந்தா கட்டியிருக்கவில்லை. விற்பனையே இல்லாத இடத்தில் இலவசமாகக் கொடுத்தால் பதிப்பகத்துக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாதல்லவா? அந்தக் கணக்கில்தான் 2001 ஜூலையில் எல்சவியர், ஸ்பிரிங்கர், வைலி, பிளாக்வெல் உட்பட ஆறு பெரிய பதிப்பகங்கள் சம்மதித்தன. 2002 ஜனவரியில் சுமார் 1,500 இதழ்களோடு ஹினாரி ஆரம்பித்தது. பிறகு விவசாயத்துக்கு அகோரா, சுற்றுச்சூழலுக்கு ஓஏஆர்இ என்று கூடுதலாக வந்து இப்போது எல்லாம் சேர்ந்து 'ரிசர்ச் ஃபார் லைஃப்' என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. நாடுகள் இரண்டு பிரிவு. ஏ பிரிவுக்கு முற்றிலும் இலவசம், எத்தியோப்பியா அதில்தான் இருக்கிறது. பி பிரிவில் நிறுவனத்துக்கு வருடம் 1,500 டாலர் என்று வைத்திருந்தார்கள்.

நாட்டைத் தேர்ந்தெடுக்கத் தனிநபர் வருமானம் மட்டும் பார்ப்பதில்லை. நாட்டின் மொத்த வருமானம், ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியல், மனித வளர்ச்சிக் குறியீடு எல்லாம் பார்க்கிறார்கள். இந்தியாவின் மொத்தப் பொருளாதாரம் பெரிது. அதைவிட முக்கியம், பதிப்பகங்களுக்கு இந்தியா ஒரு நல்ல சந்தை. ஐஐடி, எய்ம்ஸ், மத்தியப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் பல வருடமாகக் காசு கட்டி வாங்குகின்றன. வாங்குகிறவர் இருக்கிற இடத்தில் சும்மா கொடுப்பார்களா? எய்ம்ஸ் கட்ட முடிகிறது என்பதால் ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிற நர்சிங் கல்லூரியும் கட்டும் என்று நினைப்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை, ஆனால் நாடு என்கிற அளவில் கணக்குப் போட்டால் அப்படித்தான் விழும். 2011 ஜனவரியில் வங்கதேசத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே விற்பனை கொஞ்சம் சூடு பிடித்ததும் சில பெரிய பதிப்பகங்கள் 2,500க்கும் மேற்பட்ட இதழ்களை ஹினாரியிலிருந்து எடுத்துவிட்டன. மருத்துவ இதழ்களிலேயே பெரிய சத்தம் கிளம்பிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். தானம் கொடுக்கிறவர் கையில்தான் சாவி இருக்கும். இலவசம் என்று சந்தோஷப்படும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

(இலங்கையிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: உங்கள் நாடு இந்தத் திட்டத்துக்குள் வருகிறது. மருத்துவ பீடம், தாதியர் கல்லூரி, போதனா வைத்தியசாலை, சுகாதாரத் திணைக்களம், உள்ளூர் தொண்டு நிறுவனம் எல்லாம் பதிவு செய்யலாம். உங்கள் நிறுவனம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், நூலகருக்கு மட்டும் தெரிந்திருக்கும், அவரிடம் யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் அதைப் பாருங்கள்.)

அடுத்து 'ஒரே நாடு, ஒரே சந்தா'. நிறுவனங்கள் தனித்தனியாகக் கட்டாமல், எல்லோருக்கும் சேர்த்து மத்திய அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டுகிற திட்டம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ், சேஜ், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பிஎம்ஜே எல்லாம் உண்டு. காந்திநகரில் இருக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் பயன்பெறுவார்கள் என்றார்கள். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். மாநில அரசின் மருத்துவக் கல்லூரி மாணவனும் ஐஐடி மாணவனும் ஒரே கட்டுரையை ஒரே நாளில் திறக்க முடிகிறது என்பது இதற்கு முன் நடக்காத விஷயம். ஆனால் இது மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் உரியது. தனியார் கல்லூரி இப்போதைக்கு இதில் இல்லை. அடுத்தடுத்த கட்டத்தில் தனியாருக்கும், பிறகு பொது நூலகங்கள் வழியாக எல்லோருக்கும் என்று பேச்சு இருக்கிறது. பேச்சை நம்பி உங்கள் மாணவி சினாப்சிஸ் எழுத முடியாது. என்-லிஸ்ட் என்று கல்லூரிகளுக்கான இன்னொரு மின்னிதழ்த் திட்டத்தை யாராவது சொல்வார்கள், அதுவும் கலை அறிவியல் கல்லூரிகளை நினைத்து வைத்தது, நர்சிங் கல்லூரிகளுக்கு அதில் இடமில்லை.

ஆக, உங்கள் கல்லூரியின் பெயரால் நேரடியாகத் திறக்கிற பெரிய கதவு இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கல்லூரி தனியாக ஒரு தீவில் இல்லையே. கிண்டியில் இருக்கிற டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில்தானே இருக்கிறீர்கள்? அது மாநிலப் பல்கலைக்கழகம். உங்கள் மாணவிகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு எண் வாங்கியவர்கள். இணைப்புக் கல்லூரி முதுநிலை மாணவி நேரில் வந்து நூலகக் கணினியில் உட்கார்ந்து படிக்க என்ன விதி, கடிதம் யாரிடமிருந்து வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று பல்கலைக்கழக நூலகத்துக்கு உங்கள் முதல்வர் லெட்டர்பேடில் எழுதிக் கேட்கட்டும். போனில் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள், எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். பல பதிப்பக ஒப்பந்தங்களில், நூலகத்துக்குள் நேரில் வந்து உட்காருகிறவர் வெளி ஆளாக இருந்தாலும் படிக்கலாம் என்று ஒரு விதி இருக்கும். நூலகத்துக்கு நூலகம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் அது மாறும் என்பதால்தான் கேட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன். மாணவிகளைச் சேர்த்து ஒரு வேன் வைத்துச் சென்னைக்கு அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. தேடல் முழுக்க ஊரிலேயே முடித்து, இலவசமாகக் கிடைக்காத கட்டுரைகளின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் போனால் ஒரே நாளில் வேலை முடியும்.

அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்களே, அதில் திண்டுக்கல்லும் ஒன்று. உங்கள் மாணவிகள் கிளினிக்கல் போஸ்டிங் போவது எப்படியும் ஏதோ ஒரு அரசு மருத்துவமனைக்குத்தான் இருக்கும். பாதப் பராமரிப்பு என்றால் அங்கே சர்க்கரை நோய் ஓபியிலோ அறுவை சிகிச்சைப் பிரிவிலோ ஆர்வமுள்ள ஓர் உதவிப் பேராசிரியர் கட்டாயம் இருப்பார். பாதப் புண் அவருக்குத் தினசரி வேலை. அவரைக் கோ-கைடாகப் போட முடியுமா என்று பாருங்கள். பெயருக்குச் சேர்க்காதீர்கள், நிஜமாகவே ஆய்வில் பங்கெடுக்கிற மாதிரி. அப்போது இலக்கியத் தேடலில் ஒரு பங்கு அவருடையது, அவர் தன் கல்லூரியின் சந்தாவில் தன் வேலைக்காகப் படிக்கிறார், குறிப்பெடுத்துக் கொடுக்கிறார், எல்லாம் முறைப்படிதான். அந்தக் கல்லூரி ஒரே சந்தா திட்டத்தில் பதிவாகி இயங்குகிறதா என்று அவர்கள் நூலகரிடம் கேட்டால் போதும். அரசுக் கல்லூரியிலேயே அரைவாசி ஆசிரியர்களுக்குத் தங்களிடம் இப்படி ஒன்று இருப்பது தெரிவதில்லை என்பது என் அனுபவம். வளாகத்துக்கு வெளியிலிருந்து இன்ஃபெட் என்கிற இணைய வசதி வழியாக லாகின் செய்யலாம் என்பது இன்னும் குறைவான பேருக்குத்தான் தெரியும். நீங்கள் போய்க் கேட்பதால் அவருக்கும் லாபம்.

இனி இலவசமாக, முறைப்படி கிடைப்பவை. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாணவிக்குத் தேவையானதில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கல்லூரிகளில் ஒரு நினைப்பு இருக்கிறது, காசு கொடுத்துத் திறப்பதுதான் நல்ல ஜர்னல், சும்மா திறப்பது போலி என்று. போலி ஜர்னல்கள் இருப்பது உண்மை. அவற்றின் தொல்லை கட்டுரை போடுகிறவருக்கு, பணம் வாங்கிக்கொண்டு எதையும் போட்டுவிடுவார்கள். அதற்கும் படிக்க இலவசமாக இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. லான்செட் குளோபல் ஹெல்த் 2013இல் ஆரம்பித்த நாளிலிருந்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிஎம்சி நர்சிங், பிஎம்ஜே ஓப்பன், பிளாஸ் ஒன் எல்லாம் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின், நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் நடத்துகிற இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இரண்டும் இலவசம். நியூ இங்கிலாண்ட் ஜர்னலில் கூட ஆய்வுக் கட்டுரைகள் ஆறு மாதம் கழித்து, ஒரு இலவசப் பதிவு செய்தால் திறக்கும்.

பாதப் பராமரிப்புக்கே வருவோம். பப்மெட் என்கிற இலவச மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்துக்குப் போய் நீளமாக ஒரு வாக்கியத்தை அடித்துத் தேடாதீர்கள். அந்தத் தளம் கட்டுரைகளை வகைப்படுத்த வைத்திருக்கிற மெஷ் சொற்களில் 'டயபெட்டிக் ஃபுட்', 'செல்ஃப் கேர்' இரண்டையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். முதல் முறை வடிகட்டியே போடாமல் தேடி, என்னென்ன இருக்கிறது என்று தலைப்பும் சுருக்கமும் படித்து, எது வேண்டும் என்று முடிவு செய்யட்டும். அதற்கப்புறம்தான் இலவச முழுக் கட்டுரை என்கிற வடிகட்டி. இந்த வரிசை முக்கியம். முதலிலேயே இலவசத்தை மட்டும் வடிகட்டினால், கிடைத்ததை வைத்து ஆய்வு எழுதுவதாகிவிடும், தேவையானதை வைத்து எழுதுவதாக இருக்காது. வைவாவில் வெளித் தேர்வாளர் "இந்த முக்கியமான ட்ரயலை ஏன் விட்டீர்கள்" என்று கேட்டால், "சார், அது காசு கேட்டது" என்று சொல்ல முடியாது.

பட்டியல் கையில் வந்த பிறகு ஒவ்வொரு தலைப்பையும் கூகுள் ஸ்காலரில் போட்டு, கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்று சின்ன எழுத்தில் வரும் இணைப்பைத் தட்டுங்கள். பதிப்பகத் தளத்தில் பூட்டியிருக்கிற அதே கட்டுரை, ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வேர்டு கோப்பு மாதிரி எளிய வடிவத்தில் திறந்து கிடக்கும். மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட பிரதி அது, பதிப்பகம் அனுமதித்துத்தான் போடுகிறார்கள், தாராளமாக மேற்கோள் காட்டலாம். பக்க எண் மட்டும் பதிப்பகத் தளத்தில் பார்த்துப் போடுங்கள். இதையெல்லாம் தானாகத் தேடித் தருகிற அன்பேவால் என்ற நீட்சி ஒன்று பிரவுசரில் போட்டுக்கொள்ளலாம். கட்டுரைப் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்த மாதிரி வந்தால் எங்கோ முறையான இலவசப் பிரதி இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் பணத்தில் நடந்த ஆய்வு என்றால் இன்னும் சுலபம். 2008லிருந்து அந்தக் கட்டுரைகள் அதிகபட்சம் 12 மாதத்துக்குள், முழுக் கட்டுரையையும் இலவசமாகத் தருகிற பப்மெட் சென்ட்ரலில் வந்தாக வேண்டும் என்று விதி இருந்தது, 2025 ஜூலை 1 முதல் அந்தக் காத்திருப்பும் போய்விட்டது.

ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரன் ஆய்வுத் தொகுப்புகளை மறக்க வேண்டாம். பெரும்பாலானவை வெளியாகிப் பன்னிரண்டு மாதம் கழித்து எல்லோருக்கும் திறந்துவிடும். எளிய நடைச் சுருக்கம் முதல் நாளிலிருந்தே இலவசம், சிலவற்றுக்குத் தமிழிலேயே இருக்கிறது. நோயாளிகளுக்குக் கையேடு தயாரிக்கிற மாணவிக்கு அந்தத் தமிழ்ச் சுருக்கங்களின் சொற்கள் உதவும். காக்ரனின் தெற்காசிய மையம் வேலூர் சிஎம்சியில்தான் இயங்கி வந்தது. அப்புறம், பாத நோய்க்கென்றே இருக்கிற சர்வதேசப் பணிக்குழு 2023இல் புதுப்பித்த வழிகாட்டிகளை அவர்கள் தளத்திலேயே முழுசாக இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க சர்க்கரை நோய் சங்கம் வருடா வருடம் வெளியிடுகிற சிகிச்சைத் தர நெறிகளில் பாதப் பராமரிப்புக்கென்று ஒரு பகுதியே உண்டு, அதுவும் இலவசம். இந்த இரண்டின் கடைசியில் இருக்கிற மேற்கோள் பட்டியலை எடுத்துக்கொண்டாலே ரெவ்யூவுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். பழைய டிசர்டேஷன்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இருப்பது மாணவிகளுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். யார் எந்தக் கேள்விப்படிவம் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க அது நல்ல இடம். அங்கிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம், திருட்டுச் சோதனை மென்பொருள் முதலில் பிடிப்பதே அதைத்தான்.

இத்தனைக்கும் பிறகு பத்துப் பதினைந்து கட்டுரை பாக்கி நிற்கும். அதற்கு ஆசிரியருக்கு மெயில் போடுங்கள். நம் ஆட்களுக்கு இதில் ஏனோ பெரிய கூச்சம். வெளிநாட்டுப் பேராசிரியர் நமக்கெல்லாம் பதில் போடுவாரா என்று. போடுவார்கள். தன் கட்டுரையை திண்டுக்கல்லில் ஒருத்தி படிக்க ஆசைப்படுகிறாள் என்பதில் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? கட்டுரை விற்கிற காசில் அவருக்கு ஒரு பைசாவும் போவதில்லை. தொடர்புக்குரிய ஆசிரியரின் முகவரி பப்மெட் சுருக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். மாணவி தன் கல்லூரி முகவரியிலிருந்து, நான் யார், என்ன ஆய்வு செய்கிறேன், உங்களுடைய இந்தக் கட்டுரை எனக்கு இந்தக் காரணத்துக்காக வேண்டும், தனிப்பட்ட படிப்புக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று ஐந்து வரி எழுதினால் போதும். 'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ஹம்ப்ளி ரிக்வெஸ்டிங்' என்று லீவ் லெட்டர் பாணி வேண்டாம். ஒரே மெயிலைப் பத்துப் பேருக்கு மொத்தமாகப் போடவும் வேண்டாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு இரண்டாவது ஆசிரியருக்கு எழுதலாம். கேள்விப்படிவம் வேண்டுமென்றாலும் இதே மெயிலில் கேட்டுவிடுங்கள், பயன்படுத்த எழுத்துபூர்வ அனுமதியும் அதிலேயே கிடைத்துவிடும், எத்திக்ஸ் கமிட்டி எப்படியும் அதைக் கேட்கும். எல்லாம் வெளிநாடு என்று நினைக்காதீர்கள், சென்னை ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையிலிருந்து பாத நோய் பற்றிப் பல வருடமாகக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. நம் வெறுங்கால் நடை, நம் செருப்பு, நம் வயல் வேலை எல்லாம் தெரிந்தவர்களின் ஆய்வு அது, உங்கள் மாணவிக்கு டென்மார்க் கட்டுரையை விட அதுதான் பயன்படும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாணவிகள் கேட்பார்கள், பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதி இல்லாமல் திறந்து கொடுக்கிற சைஹப் தளம் பற்றி. எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன, 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்துவிட்டது. அதை யார் எவ்வளவு நியாயப்படுத்தினாலும் நிறுவன ஆசிரியராக நீங்கள் பரிந்துரைக்கக் கூடிய வழி அது இல்லை. அதைவிட எனக்கு எரிச்சல், டிசர்டேஷன் பைண்டிங் செய்கிற சில கடைகளில் "எல்லா டேட்டாபேஸும் எங்களிடம் இருக்கு, ஒரு கட்டுரை ஐம்பது ரூபாய்" என்று சொல்லி வசூலிப்பது. அது யாரோ ஒரு மாணவரின் லாகினாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் கரஸ்பாண்டன்ட். அவரிடம் லட்சம் கேட்காதீர்கள். டெல்னெட் என்று ஒரு நூலக வலையமைப்பு 1988லிருந்து டெல்லியில் நடக்கிறது. நம் ஊர் பொறியியல் கல்லூரிகள் பல அதில் இருக்கின்றன, தனியார் கல்லூரியும் சேரலாம். வருடச் சந்தா ஒரு நர்சிங் கல்லூரிக்குத் தாங்காத தொகை இல்லை. மற்ற உறுப்பு நூலகங்களில் இருக்கிற கட்டுரையின் பிரதியை உங்கள் நூலகர் கேட்டு வரவழைக்கலாம், புத்தகமும் கடன் வாங்கலாம். பிரம்மாண்டமாக எதிர்பார்க்காதீர்கள், மருத்துவ இதழ்களில் எல்லாம் கிடைக்காது, நேரமும் ஆகும். ஆனால் நூலகரின் பெயரில், கல்லூரியின் பெயரில், முறைப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே இப்போதைய நிலைக்குப் பெரிய மாற்றம்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார். இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கணக்குக் காட்டுவதற்காக வாங்கி, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் ரேக்கில் அடுக்கியிருக்கிற அச்சு ஜர்னல்கள் எந்தக் கல்லூரியில்தான் இல்லை? நூலகரோடு உட்கார்ந்து, நர்சிங் கவுன்சில் கட்டாயம் கேட்கிற எண்ணிக்கை எவ்வளவு, அதற்கு மேல் வாங்குவது எத்தனை, அதில் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிற இதழை நாம் காசு கொடுத்து அச்சில் வாங்கிக்கொண்டிருக்கிறோமா என்று ஒரு பட்டியல் போடுங்கள். நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா மாதிரி பிள்ளைகள் எடுத்துப் படிப்பது இருக்கட்டும், அதில் கை வைக்காதீர்கள். யாரும் தொடாத இரண்டு வெளிநாட்டு அச்சு இதழை நிறுத்தினாலே டெல்னெட் சந்தா வந்துவிடும், மிச்சமும் இருக்கும். "புதுச் செலவு இல்லை சார், இருக்கிற செலவை இப்படித் திருப்பலாம்" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவர் சிரிக்க மாட்டார், கையெழுத்துப் போடுவார். அச்சு இதழ்களுக்குச் சந்தா வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஏஜென்ட்டுகள் அக்டோபர், நவம்பரிலேயே வந்து அடுத்த வருடத்து இன்வாய்ஸைக் கொடுத்து ஆர்டர் வாங்கிவிடுவார்கள், அதற்கப்புறம் நிறுத்துவது கஷ்டம். அதற்கு முன்பே நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத் தாள் அவர் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.